பின்கதவில்லாத பிக்கப்பில் ஒரு கலியாணப் பெண்

மிச்சம் பிடிக்கிற ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் எல்லாமே இரண்டு தரம் செலவாகும். இதை நான் அடித்துச் சொல்லலாம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

என்னிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. யப்பானில் பிறந்து, அங்கே யாருக்கோ உழைத்துக் களைத்து, பிறகு கப்பலேறி வந்து உரும்பிராயில் எங்கள் தோட்டத்து மரக்கறியைச் சுமக்கிற வாகனம். முன்னுக்கு இரண்டு பேர் வசதியாக இருக்கலாம், மூன்று பேர் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கலாம். பின்னுக்குத் திறந்த பெட்டி. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. (மூட்டுகளில் சத்தம் அதற்குத்தான் முதலில் வந்தது.) விடியமுதல் கத்தரிக்காயும் கோவாவும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவேன், வெயில் ஏறமுதல் திரும்பிவிடுவேன். அது எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதுதான் யோசிக்க வேண்டி வந்தது. பெற்றோல் செட்டுக்கு முன்னால் வாகனத்தை வரிசையில் விட்டு, அதற்குள்ளேயே படுத்து எழும்பி, றோட்டோரத்தில் பல் விளக்கிய ஆட்களில் நானும் ஒருவன். கோட்டாவாகக் கிடைக்கிற டீசலைச் சந்தைக்குப் போக வைத்திருப்பதா, தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு விடுவதா என்று தினமும் நின்று யோசித்தால் மனிதனுக்குப் புத்தி கொஞ்சம் மாறத்தான் செய்யும். கிண்டிய பீற்றூட் ஏற்ற வழியில்லாமல் வளவுக்குள் கிடந்து அழுகியதைப் பார்த்தேன். அந்தப் பயம் லேசில் போகாது. பிறகு தட்டுப்பாடு ஒருமாதிரி முடிந்தது. செட்டில் கேட்டால் கேட்டதை அடித்தார்கள். ஊரில் எல்லோரும் பழையபடி ஆனார்கள், நான் மட்டும் ஆகவில்லை.

பழைய வாகனத்தில் டீசல் மிச்சம் பிடிப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். அதில் பேசிய ஆட்கள் எல்லோரும் மலைநாட்டு ஆட்கள் போலிருந்தது. இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி வாகனத்தை அதன் பாட்டுக்கு ஓடவிடு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? தோசைக்கல் போலத் தட்டையான ஊர். கீரிமலை என்று பெயரில் ஒரு மலை இருக்கிறது, போய்ப் பார்த்தால் கேணிதான் இருக்கும். ஆகவே பாலங்களைத் தேடிப் போனேன். பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏதோ அரசாங்கத்தை ஏமாற்றிவிட்ட திருப்தியோடு கொஞ்சத் தூரம் உருளுவேன். அந்தப் பாலத்துக்குப் போகச் செலவான டீசலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது வேகம். அக்ஸிலேற்றருக்குக் கீழே முட்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காலை வை என்றார் ஒருவர். வைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் கதைத்துக்கொண்டே என்னை முந்திப் போனார்கள். ஒருநாள் கோப்பாய்ச் சந்தியில் ஒரு வயதானவர் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, நான் கடந்து போகும்வரை தலை குனிந்து நின்றார். எனக்குப் பின்னால் ஏதோ பிரேத ஊர்வலம் வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பாரம் குறைக்கிற படலம் தொடங்கியது. ஸ்பெயர் சில்லு எவ்வளவு பாரம், அது சும்மாதானே வருகிறது என்று யோசித்துக் கழற்றி வளவுக்குள் போட்டேன். (அதற்குள் ஒரு கோழி குடியேறி அடைகாக்கத் தொடங்கியது.) அதன் பின்னால் ஜாக்கும், நட்டுக் கழற்றுகிற சாவிப்பெட்டியும் போயின. பின்பெட்டியின் கதவு காற்றை மறிக்கிறது, அதை எடுத்துவிட்டால் காற்று சுகமாக வெளியேறும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பின்கதவைக் கழற்றிக் கிணற்றடியில் சாத்தி வைத்தேன். (கதவு மூடியிருந்தால்தான் காற்று மேலால் வழுக்கிப் போகும், கழற்றுவது மடைத்தனம் என்று பிறகு வேறொரு இடத்தில் கேள்விப்பட்டேன். அப்போது எல்லாம் முடிந்துவிட்டது.) கடைசியாக ரயர்களுக்குக் காற்று. இறுகிய ரயர் இலேசாக உருளும் என்றார்கள். பழைய ரயர்களைக் கல்லாகும்வரை இறுக்கினேன். வாகனம் சிறு கல்லுக்கும் துள்ளியது. அம்மா கோயிலுக்கு என்னோடு வருவதை விட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார்.

"உதைக் கழட்டிக் கழட்டி, ஒருநாளைக்கு ஸ்டீரிங்கை மட்டும் கையிலை பிடிச்சுக்கொண்டு நடந்து வரப்போறாய்" என்றார் அம்மா. நான் அவருக்குக் காற்றின் எதிர்ப்பு விசையைப் பற்றி விளக்கினேன்.

இந்த நிலையில்தான் தங்கச்சி சுகந்திக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை நிரோசன், அரியாலை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். நல்ல பெடியன், நல்ல குடும்பம், சாதகமும் பொருந்தியது. நானும் அம்மாவும் வேண்டிய எல்லோரையும் விசாரித்தோம். அப்பா காலமாகிவிட்டதால் எல்லாப் பொறுப்பும் என் தலையில். சுகந்தி அதிகம் கதைக்காத பிள்ளை. "ஓம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டேன். "உங்கடை விருப்பம் அண்ணை" என்றாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டு மண்டபம் பார்க்கப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு இந்தக் கலியாணத்தில் ஒரே ஒரு ஆசைதான். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் கலியாணம் முடித்தது, சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். மேளம் இல்லை, மணவறை இல்லை, ஒரு மஞ்சள் கயிறும் பக்கத்தில் நின்ற சனமும்தான். அந்தக் குறை அம்மாவிடம் எப்போதும் இருந்தது. அதை அவர் புலம்பிச் சொன்னதில்லை, ஆனால் ஊரில் யாருடைய கலியாணத்துக்குப் போனாலும் ஒவ்வொரு சடங்கையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சில நாள் முந்தி பொன்னுருக்கல் நடக்கும். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவார்கள். இரண்டு வீட்டிலும் கன்னிக்கால் நடுவார்கள். அதற்குப் பிறகு மணவறையில் சந்திக்கும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. வீட்டு வாசல் படலையைத் தாண்டுவதே நல்லதில்லை. பொன்னுருக்கல் முடிந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனி அவரும் இவளும் கண்ணிலை படக் கூடாது. இந்த ஒண்டிலை எனக்குப் பிழை விடாதை மோனை" என்றார். நான் தலையாட்டினேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் சுகந்தி கூறைச்சேலைக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தபோது கை இறுகிக்கிடந்தது. தைத்த பெண் சாவகச்சேரியில் இருந்தாள். ஆளைப் பார்க்காமல் திருத்தித் தர முடியாது என்றாள். வேறு வழியில்லாமல், பக்கத்துக்குச் சீலை போட்ட ஓட்டோ ஒன்றைப் பிடித்து, அம்மாவே சுகந்தியைக் கூட்டிக்கொண்டு போய் வருவது என்று முடிவானது. அதே நாள் சாவகச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் நான் தேங்காயும், தோரணத்துக்குத் தென்னங்குருத்தும் ஏற்றிவர வேண்டியிருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு வாகனம்.

"ஒரே பயணத்திலை முடியிற வேலையை ஏன் இரண்டாக்கிறியள்?" என்று அம்மாவோடு வாதாடினேன். வீட்டில் வந்து நின்ற சனத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கும் வெளிக்கிட மனமில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மாப்பிள்ளை வீடு அரியாலையில் என்றபடியால் அந்தப் பாதையால் போகக் கூடாது. கோப்பாயால் இறங்கிக் கைதடி வெளியால் போய், அதே வழியால் திரும்ப வேண்டும். நான் சத்தியம் செய்யாத குறை.

போகும்போது ஒரு பிழையும் இல்லை. கண்ணாடிகளை முழுக்க மூடச் சொன்னேன், திறந்தால் காற்று இழுக்கும். சுகந்தி வியர்த்து வழிந்துகொண்டு இருந்தாள். அவள் சும்மா இருந்ததை ஆர்வம் என்று நினைத்து, வழி முழுக்க அவளுக்கு டீசலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். நாளைக்குக் கலியாணம் முடித்துப் போகப்போகிற பிள்ளையிடம் ஒரு தமையன் கதைக்க எவ்வளவோ இருக்கிறது. நான் எயர் பில்டரைப் பற்றிக் கதைத்தேன்.

சட்டை திருத்தியாயிற்று. தேங்காய்களை உருண்டு விழாதபடி முன்பக்கமாக, ஆட்கள் இருக்கிற பெட்டியோடு ஒட்டிக் குவித்து, மிச்ச இடத்தில் தென்னங்குருத்துகளையும் ஓலைகளையும் நீளத்துக்கு அடுக்கிக் கயிற்றால் கட்டினேன். திரும்பி வரும்போது நல்ல உச்சி வெயில். கைதடி தாண்டி வெளிக்குள் இறங்கினோம். அந்த இடத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்புத்தரையும், நடுவில் றோட்டு. ஒதுங்க ஒரு மரம் இல்லை, ஒரு மதில் இல்லை. அந்த வெளியின் நட்டநடுவில், நான் கல்லாக இறுக்கி வைத்திருந்த பின்சில்லு வெடித்தது. தண்ணீருக்குள் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன.

இறங்கிப் பார்த்தோம். ரயர் கிழிந்து தொங்கியது.

"ஸ்பெயர் சில்லு எங்கை அண்ணை?"

"வீட்டிலை."

"ஜாக்?"

"அதுவும் வீட்டிலைதான்."

சுகந்தி வாகனத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "என்னை மட்டும் ஏன் ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்? நானும் பாரம்தானே" என்றாள். நியாயமான கேள்வி என்பதால் நான் கராஜ்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. வீட்டுக்கு எடுக்கத் துணிவில்லை.

அப்போது கோப்பாய்ப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வருவது தெரிந்தது. அந்த வெளியில் எதையும் வெகு தூரத்திலேயே காணலாம். நான் மறிப்போம் என்று கையை உயர்த்தினேன். சுகந்தி என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அண்ணை, அது அவர்."

"எவர்?"

"அவர்தான். அவர் அப்பிடித்தான் முதுகை நிமித்திக்கொண்டு ஓடுவார்."

எனக்கு அங்கே ஒரு புள்ளிதான் தெரிந்தது. புள்ளிக்கு முதுகு இருப்பது எப்படி இவளுக்குத் தெரிந்தது என்று நான் அந்த நேரம் யோசிக்கவில்லை. அம்மாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிழை விடாதை மோனை. முன்பெட்டிக்குள் ஒளிக்கலாம் என்றால் நாலு பக்கமும் கண்ணாடி. சுகந்தி என்னைவிடப் புத்திசாலி. ஒரு வார்த்தை கதையாமல் பின்பெட்டியில் ஏறி, ஓலைகளுக்கு நடுவில் படுத்தாள். தலைப்பக்கம் தேங்காய்கள். நான் ஓலைகளை இழுத்து அவள்மேல் பரப்பினேன். தோரணத்துக்கு வைத்திருந்த பிஞ்சுக் குருத்தையும் போட்டு மூடினேன். வாகனத்துக்கு முன்னால் ஓடிவந்து, ஒன்றுமே நடக்காத ஆள் போலச் சாய்ந்துகொண்டு நின்றேன்.

நிரோசன் சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைக் கண்டு என்னைவிட அவர்தான் பயந்துபோனார்.

"மச்சான், என்னைக் கண்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பொன்னுருக்கினாப் பிறகு வெளிக்கிடக் கூடாதெண்டு அம்மா படலையைப் பூட்டி வச்சிருக்கிறா. வீட்டுக்குள்ளை இருக்க விசராக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன்ரை சைக்கிளை வாங்கிக்கொண்டு, சும்மா ஒரு சுத்து வந்தனான்."

நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன். சில்லு வெடித்த கதையைச் சொன்னேன். பார்ப்போம் என்று அவர் பின்பக்கம் போனார். நான் மறிக்க முதல் போய்விட்டார். பின்சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தவர் நிமிர்ந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சட்டென்று திரும்பி, றோட்டின் அடுத்த ஓரத்துக்குப் போய், வாகனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கிழிந்த ரயரைக் கண்டு இவ்வளவு மனம் உடைகிற ஆளாக இருக்கிறாரே, இவரிடம் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று நான் யோசித்தேன்.

பிறகு அவர் கதைத்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார், ஆனால் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் கேட்கிற குரலில்.

"மச்சான், உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். சுகந்தி போனிலை கனக்கக் கதைக்கிறேல்லை. நான் கேட்டால் ஓம் எண்டுவா, இல்லையெண்டுவா. அவவின்ரை சுபாவமே அப்பிடியோ, அல்லாட்டி உங்களுக்காகவும் மாமிக்காகவும் ஓமெண்டவவோ, எனக்குத் தெரியேல்லை. அவவுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. நான்தான் மாட்டன் எண்டு சொன்னதாச் சொல்லுறன். பழி என்னோடை போகட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அவளுக்கு விருப்பம்தான் தம்பி, யோசிக்காதேங்கோ என்று சொல்லத்தான். என் பிக்கப் ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் தங்கச்சிக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமா என்பது எனக்குத் தெரியாது. உங்கடை விருப்பம் அண்ணை என்று அவள் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் ஞாபகம் வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் ஓலைக்குக் கீழே என் தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தபோது, எங்காவது ஓடிப்போகலாம் போல இருந்தது.

அப்போது பின்பக்கம் தொம் என்று ஒரு சத்தம். ஒரு தேங்காய் றோட்டில் விழுந்து, உருண்டு உருண்டு போய் நிரோசனின் குதிக்காலில் முட்டி நின்றது.

அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் குனிந்து பார்த்தார்.

"மச்சான், இது தானா விழுந்ததோ?"

"ஓம் தம்பி," என்றேன். "காத்துக்கு."

காற்றென்று ஒன்று அன்றைக்கு இருக்கவே இல்லை. இருந்தாலும் தேங்காயை உருட்டுகிற காற்றா? முன்பக்கம் குவித்து ஓலையால் அணைத்திருந்த தேங்காய், நின்ற வாகனத்திலிருந்து, இந்தத் தட்டையான றோட்டில் எப்படி உருளும் என்று நானே குழம்பிப்போய் நிற்க, இரண்டாவது தேங்காய் விழுந்தது. அதுவும் நேரே அவரிடம்தான் போனது.

நிரோசன் குனிந்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். அவருடைய காது சிவந்திருந்தது. "சரி மச்சான். எனக்கு விளங்கீட்டுது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோப்பாயில் தெரிந்த கராஜ் ஒன்று இருப்பதாகவும், அங்கே சொல்லி ஜாக்கோடும் சில்லோடும் ஆள் அனுப்புவதாகவும், தான் திரும்பி வரப்போவதில்லை என்றும் சொன்னார். பக்கவாட்டாக, நண்டு நடப்பதுபோல நடந்து சைக்கிளுக்குப் போய், அதில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலை எடுத்து, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என்னிடம் தந்தார்.

"ஓலை வெயிலுக்கு வாடிப்போகும். உடனை இந்தத் தண்ணியைக் குடுங்கோ" என்றார். தேங்காய்களை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தியபடி போய்விட்டார்.

தோரணத்தில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. நாளைய மாப்பிள்ளை சொல்லிவிட்டார். பின்பக்கம் போய், போத்தலைத் திறந்து, குருத்தோலைகள் நன்றாக நனையும்படி தலைப்பிலிருந்து அடிவரை ஊற்றினேன்.

ஓலைகள் எழும்பி உட்கார்ந்தன. "அண்ணை," என்றாள் சுகந்தி, முகத்தால் தண்ணீர் வடிய, "தண்ணி எனக்கு."

"அவருக்கு நீ இஞ்சை இருக்கிறது எப்பிடித் தெரியும்?"

அவள் கால்களை நீட்டிக் காட்டினாள். மருதோன்றி போட்ட இரண்டு பாதங்கள், பின்கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஓலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு நேரமும் அப்படித்தான் இருந்திருக்கின்றன. நான் தலையை மூடுகிற அவசரத்தில் காலைக் கவனிக்கவில்லை.

"தேங்காய்?"

"நான்தான் கையாலை எட்டி எடுத்து, காலாலை தள்ளினனான்" என்றாள். "வாயைத் திறந்து ஓமெண்டு சொன்னால் அம்மாவுக்குப் பிழை விட்டதாப் போயிடுமே." அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. கராஜ்காரர் வந்து சில்லு மாற்றும்போதும் சிரித்தாள். வழி முழுக்கச் சிரித்தாள். அம்மாவுக்கு விளங்கிவிடும், வாயை மூடு என்று நான் கெஞ்சக் கெஞ்ச, எங்கள் படலையடியில் ஈரத் தலையோடும் ஓலைக் கீற்றோடும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். சில்லு வெடித்தது என்று மட்டும் சொன்னேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கலியாணம் குறித்த முகூர்த்தத்தில், ஒரு சடங்கு குறையாமல் நடந்தது. அம்மி மிதிக்கிற நேரத்தில் ஐயர் பெண்ணின் காலைப் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை அந்தக் காலைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பிடிக்காமல் இருந்தார். ஐயர் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் செய்கிற நாலாம் சடங்குக்கு இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே, கடவுளே எண்டு ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் முறைப்படி முடிந்தது என்று மாப்பிள்ளையிடம் சந்தோசமாகச் சொன்னார். சுகந்திக்குப் புரைக்கேறியது. அவளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சில்லு, ஓலை, தேங்காய் எல்லாம் வெளியே வந்தன. அம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்தார்.

"காலை மட்டும்தான் கண்டனான் மாமி," என்றார் நிரோசன். "அதுவும் தெரியாமல். கண்ட உடனை திரும்பி நிண்டிட்டன். உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயமெண்டு சுகந்தி போனிலை சொன்னவ. அவ சொன்ன ஒரே நீளமான கதை அதுதான்."

அம்மா அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த அந்தப் பள்ளிக்கூடத்திலை எல்லாரும் ஒரே வகுப்பறையிலை," என்றார். "இவேன்ரை அப்பாவும் அதுக்குள்ளை, நானும் அதுக்குள்ளை. கலியாணத்துக்கு முதல் நாள் நான் மூலையிலை இருந்து அழுதனான், அதையும் அவர் பாத்தவர். மறைஞ்சிருக்க ஒரு சுவர் இல்லை, தம்பி. நீங்கள் என்ரை பிள்ளைக்குச் சுவரா நிண்டிருக்கிறியள். அது காணும்."

சொல்லிவிட்டு அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, சாப்பிட்டு முடிந்த கையோடு கிணற்றடியில் கிடந்த பின்கதவைத் திரும்ப வாகனத்தில் பூட்டச் சொன்னார். பூட்டினேன். கோழி எழும்பியதும் ஸ்பெயர் சில்லும் ஏறியது.

அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டமாகவே வந்துவிட்டது. கிணறு இறைப்பதா, மாட்டை விற்பதா, என்ன முடிவென்றாலும் யாராவது ஒருவர், "தேங்காய் உருண்டுதோ?" என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்டாயிற்றா என்று அர்த்தம். இதைக் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

அண்மையில் இந்தப் பிக்கப்பை விற்றுவிட்டு, குறைய டீசல் குடிக்கிற சின்ன வாகனம் ஒன்று எடுக்கலாம் என்று யோசித்தேன். வாங்க ஆளும் வந்தது. வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். எனக்குச் சம்மதம், சுகந்திக்குச் சம்மதம், வாகனத்தை விற்றால் தன் மச்சான் டீசலைப் பற்றிக் கதைப்பதை விடுவார் என்று நிரோசனுக்கு இரட்டைச் சம்மதம். பகிடிக்கு அவர் குசினிக்குள்ளிருந்து ஒரு தேங்காயை எடுத்துவந்து நிலத்தில் உருட்டினார். அது அம்மாவிடம் போய் நின்றது. திருப்பி உருட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா?" என்று கேட்டேன்.

"சுகந்திக்குக் கலியாணம் பேசத் தொடங்கினதிலை இருந்து அவள் சிரிச்சு நான் காணேல்லை, மோனை. கேக்கவும் பயமாக் கிடந்தது. அண்டைக்கு இந்தப் பிக்கப்பிலை இருந்து இறங்கேக்கைதான் சிரிச்சவள்."

பிக்கப் இன்னும் எங்கள் வளவில்தான் நிற்கிறது. லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று இப்போது நான் பார்ப்பதில்லை.